தலையில்லாத ஹெரால்டை விற்ற கதை

எங்கள் வீட்டு ஹெரால்ட் காரை விற்க எனக்கு ஆறு மாதம் ஆனது. அதில் நாலு மாதம் என் வாயால் நானே கெடுத்துக்கொண்டது.

வண்டி 1965ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் ஆலையில் செய்துவந்தார்களே, அந்த வண்டிதான். 948 சிசி என்ஜின். இத்தாலிக்காரர் மிச்செலாட்டி வரைந்த உடம்பு. பானட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

இந்தக் காரில் இன்னொரு விசேஷம் உண்டு. சேஸிஸ் எனும் அடிச்சட்டம் தனி, அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய உடம்பு. கூரையும் அப்படித்தான்: முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் பின்பக்கமும் போல்ட்டைக் கழற்றினால் முழுதாகக் கையோடு வந்துவிடும். எங்கள் சித்தப்பா 1983இல் அதைத்தான் செய்தார். சிநேகிதர் ஒருவரின் கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை வெளியே தெரியவேண்டும் என்று ஒரு மத்தியானத்தில் கூரையைக் கழற்றினார். ஊர்வலம் முடிந்தது, கூரையைத் திரும்ப மாட்டவில்லை. மழைக்கு, உடுமலையில் லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் ஒரு கேன்வாஸ் மூடி தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஓப்பன் கார்’.

இருபது வருடம் கொட்டகையில் கிடந்த அந்த ஓப்பன் காரை நான் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். அந்த வேலையைப் பற்றி எழுதினால் அது தனிக் கதை. இங்கே ஒன்று மட்டும். செலவு 6,80,000 ரூபாய், அதில் பாதிக்கு மேல் டிங்கரிங்கும் பெயிண்டும் விழுங்கின. என்ஜின் போரிங், பிஸ்டன், கிளட்ச் எல்லாம் சேர்த்தும் அந்த அளவுக்கு வரவில்லை. இந்த ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கிடைக்காத சாமானை மாதிரி கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள். ஆனால் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்கும் பொறுமையான டிங்கர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மார்ச்சில், விற்க முடிவு செய்தேன். மகளின் படிப்புச் செலவு ஒரு காரணம். இன்னொன்று, மூன்று வருடம் வேலை பார்த்த வண்டியை ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம் என்று ஆகிவிட்டது. இணையத்தில் விளம்பரம் போட்டேன். ‘ஒரிஜினல் கன்வர்டிபிள், ஷோரூம் கண்டிஷன், 9 லட்சம்.’

ஒரிஜினல் கன்வர்டிபிள் என்றால் ஆலையிலேயே திறந்த கூரையோடு செய்த வண்டி. அப்படி எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. நாற்பது வருடமாக ஓப்பன் கார் என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

முதல் வாரம் போன் ஓயவில்லை. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர், வண்டியைப் பார்க்காமலே முழுப் பணமும் தருகிறேன், நான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். பணம் வாங்க ஸ்கேன் செய்யவேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் போகும். போனை வைத்துவிட்டேன். கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர் விலைக்கு வேண்டாம், நாள் வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். சொந்த உபயோகப் பதிவு உள்ள வண்டியை வாடகைக்கு விட்டு, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அதுவும் வேண்டாம் என்றேன். டெல்லியிலிருந்து ஒருவர் நன்றாகப் பேசினார், விலைகூடப் பேசவில்லை. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்பதால், மிகப் பழைய வண்டிகளுக்குத் தரும் விண்டேஜ் பதிவு கிடைத்தால் மட்டுமே வாங்குவேன் என்றார். ‘கெடைக்குங்க, 50 வருசம் ஆச்சுல்ல’ என்றேன். எவ்வளவு தெரியாமல் பேசியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற என்ஜினியர். காலை ரயிலில் இறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு டார்ச், ஒரு பழைய பனியன் துணி, பிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்தம். காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின் உடம்பில் அங்கங்கே வைத்து எடுத்தார். தகடு இருக்கும் இடத்தில் வெடுக்கென்று பிடித்தது. பின் மட்கார்டின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பிடிக்கவே இல்லை, வழுக்கி விழுந்தது.

‘இங்கே பட்டி கனமா இருக்கு’ என்றார். தகட்டின் பள்ளத்தை அடைக்கப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பசைதான் பட்டி, அதில் காந்தம் ஒட்டாது. குற்றம் சொல்லும் குரலில்லை, டாக்டர் சொல்வதுபோல.

அப்புறம் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் நின்றார். பின் சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கேன்வாஸைத் தூக்கி டார்ச் அடித்தார். வரிசையாக போல்ட் ஓட்டைகள், பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்தவை. என் டிங்கர் அழகாகத்தான் அடைத்திருந்தான். அந்த விரலுக்குத் தெரிந்துவிட்டது.

‘ஆர்.சி. புக்கைக் காட்டுங்க சார்.’

காட்டினேன். உடம்பு வகை என்ற இடத்தில் ‘சலூன்’, அதாவது மூடிய கூரை உள்ள வண்டி, என்று இருந்தது. மூன்று வருடமாக அந்தப் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. அந்த வரியை நான் ஒருநாளும் படித்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் வாங்குபவர்கள் முதலில் ஆலை வண்டிக்குப் போட்ட எண் உள்ள தகட்டின் கடைசி எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள், ‘சிவி’ என்று இருந்தால் கன்வர்டிபிள், ‘டிஎல்’ என்று இருந்தால் சலூன் என்று சொன்னார். அங்கேயும் சலூனின் கூரையைக் கழற்றிவிட்டு கன்வர்டிபிள் என்று விற்பவர்கள் நிறையவாம். ஆலையில் செய்த கன்வர்டிபிளுக்கு உடம்பில் கூடுதல் பலம் வைத்திருப்பார்கள், வெறுமனே கூரையைக் கழற்றிய வண்டிக்கு அது இருக்காது, வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள், முன்கண்ணாடி ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் ஆடும் என்றார். ஆடும்தான். எனக்குத் தெரியும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். ‘நீங்க போன்லயே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவும் செய்வேன், வேற விலை பேசியிருக்கவும் செய்வேன். இப்ப இன்னும் எதெல்லாம் சொல்லலையோன்னு தோணுது.’ போய்விட்டார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகுதான் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். விளம்பரம் போடுவதற்கு முன்னால் செய்திருக்கவேண்டிய வேலை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கும் ஆலை செய்து கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விண்டேஜ் பதிவு விதி 2021 ஜூலையில் வந்தது. 50 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது, சேஸிஸ், உடம்பு, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் ‘விஏ’ என்று வரும். அந்த நம்பர் வாங்கிவிட்டால் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். கூரை போன என் வண்டி எந்தக் கணக்கிலும் உள்ளே வராது. டெல்லிக்காரருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். ‘தேங்க்யூ’ என்றார், அதோடு சரி.

அடுத்த அடி ஆர்.டி.ஓ. ஆபீஸில். சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். என் வண்டிக்கு அது என்றோ முடிந்துவிட்டது. மூன்று எழுத்துப் பழைய நம்பர் என்பதால் கணினிப் பதிவிலேயே வண்டி இல்லை. பழைய புத்தகத்தை வைத்து முதலில் பேக்லாக் பதிவு ஏற்றவேண்டும். அதற்கே மூன்று வாரம் ஆனது. உங்களிடமும் பழைய நம்பர் வண்டி இருந்தால், விற்கும் எண்ணம் வருவதற்கு முன்பே அரசின் வண்டிப் பதிவு இணையதளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வாங்குபவர் பக்கத்தில் நிற்கும்போது ‘விவரம் இல்லை’ என்று வந்தால் அந்த நிமிடமே பாதி விலை போய்விடும்.

பதிவு ஏறியதும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று எழுதியிருந்தாலும் நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். சுற்றி வந்து பார்த்தார், சிரித்தார். ‘வண்டி நல்லா இருக்குதுங்க. தலை எங்கே?’ என்றார். சலூன் என்று பதிவான வண்டி சலூனாக வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஜூன் கடைசியில் விளம்பரத்தை மாற்றி எழுதினேன். இந்த முறை குறைகளை மேலே போட்டேன். சலூனாக வந்த வண்டி, 1983இல் கூரை கழற்றப்பட்டது. ஆர்.சி. புதுப்பிக்கவில்லை. இடது பின் மட்கார்டில் பட்டி இருக்கிறது. வேகத்தடையில் உடம்பு ஆடும். அதற்குக் கீழே செய்த வேலைகள், பில்களின் படம், சேஸிஸின் அடிப்பக்கம், அதிலிருந்து உடம்பைத் தாங்க நீளும் பக்கவாட்டுக் கைகள் துருவெடுத்து இருந்தபோது எடுத்த படம், புதுத் தகடு வைத்த பிறகு எடுத்த படம். வெயிலில் பளபளக்கும் படங்களை விட்டுவிட்டு, பெயிண்ட் அடிக்கும் முன்பு தகரம் தகரமாக இருந்த படங்களைப் போட்டேன். விலை 6 லட்சம்.

போன் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் வந்த போன் எல்லாம் விஷயம் தெரிந்த போன். முன்சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கிறீர்களா, ஆயிலா என்று ஒருவர் கேட்டார். ஆயில்தான் விடவேண்டும், இபி 90. கிரீஸ் அடித்தால் மரை இறுகி ஒருநாள் முன்சக்கரம் மடங்கிவிடும். இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் மாற்றிவிட்டீர்களா என்று இன்னொருவர் கேட்டார். மாற்றிய பில்லை அனுப்பினேன்.

ஜூலையில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அப்பாவிடம் இதே மாதிரி இரண்டு கதவு ஹெரால்ட் இருந்ததாம். காந்தம் எதுவும் கொண்டுவரவில்லை. கதவை ஒரு தரம் திறந்து மூடினார், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

‘ஏனுங்க தம்பி, கூரை எங்கீங்க?’

‘கழட்டுனது சித்தப்பாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு.’

‘கூரையோட இருந்தா எடுத்துக்கறனுங்க. எங்கப்பன் வண்டிக்குக் கூரை இருந்துச்சு. ஓப்பனா வெச்சுட்டு இந்த வெயில்ல என்ன பண்றதுங்க?’

நாற்பது வருடமாக எங்கள் வீட்டுப் பெருமையே அந்தத் திறந்த தலைதான். அதை ஒரே வரியில் வெயில் என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கோயமுத்தூர் மத்தியானத்தில் அந்த வண்டியில் போனவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு வயது 78, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் கத்திக் கேட்டேன். ‘அது எங்கடா போகும்? கோழிக்கூண்டு மேல கெடக்குது பாரு’ என்றார்.

உடுமலைக்குப் போய்ப் பார்த்தால், கிடந்தது. சின்ன வயதில் முட்டை எடுக்க எத்தனை தரம் அதன் கீழே குனிந்திருப்பேன்! கொட்டகையை ஒட்டிச் செங்கல் அடுக்கிக் கட்டிய கூண்டு, அதற்கு மூடியாக ஹெரால்டின் கூரை கவிழ்ந்திருந்தது. மேலே இரண்டு கல், ஒரு உடைந்த உரல். கோழி எச்சம் காய்ந்து அரை இஞ்சுக்கு ஏறியிருந்தது. பிரஷ் போட்டுக் கழுவினால் அடியில் சாம்பல் நிறம், வண்டியின் முதல் பெயிண்ட். ஓரங்களில் நாலைந்து இடம் பொத்தல், பின் மூலையில் உரல் வைத்த இடத்தில் ஒரு பள்ளம். மற்றபடி கெட்டித் தகடு. கோழிகளுக்குச் சித்தப்பா புதுசாக ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக்கொடுக்கச் சொன்னார். அந்தச் செலவும் என் கணக்கில்தான்.

மாட்டுவதற்கு ஒன்பது நாள் ஆனது. அடைத்த ஓட்டைகளைத் திரும்பத் தோண்டினோம். அடைத்த அதே டிங்கர், ‘அண்ணே, இதுக்கு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல’ என்றான். கதவுகள் கொஞ்சம் தொங்கியிருந்ததால் கூரை உட்காரவில்லை. உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உயரம் சரிசெய்ய வைக்கும் அட்டைகளைக் கூட்டிக் குறைத்து, கதவு இடைவெளி சரியான பிறகு கூரையை இறக்கினோம். அப்புறம் போல்ட்டை முறுக்கினோம். வேகத்தடையில் ஏற்றினேன். ஆட்டம் நின்றுவிட்டது. மூன்று வருடம் நான் புஷ் மாற்றிப் பார்த்தும் நிற்காத ஆட்டம். செலவு 46,000.

இந்த முறை பிரேக் இன்ஸ்பெக்டர் எதுவும் கேட்கவில்லை. ஆர்.சி. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கிடைத்தது.

விலை பேச்சு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 5,40,000. போட்ட காசு வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை. மெருகேற்றிய பழைய காரில் லாபம் பார்த்தவர்கள் இருக்கலாம், நான் நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை. ஓட்டிப் பார்க்கக் கேட்டார். முதலில் நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். இந்த வண்டியின் பின் ஆக்ஸில் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கும். இன்றைய கார் ஓட்டிப் பழகிய காலுக்கு அது தெரியாது. சொல்லிக் காட்டிவிட்டு, பிறகு சாவியைக் கொடுத்தேன். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டக் கொடுக்காதீர்கள். லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார் அவர். நோட்டு எண்ணும் பழக்கமுள்ள மனிதர், தப்பெண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் பணத்தை வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கிய அளவுக்கே. சொன்னதும் ஒப்புக்கொண்டார். இருவரும் அவருடைய வங்கிக் கிளைக்குப் போனோம், ஆர்.டி.ஜி.எஸ். போட்டார், என் கணக்கில் ஏறிய பிறகே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். பெயர் மாறும்வரை அந்த வண்டி எங்கே மோதினாலும் நஷ்டஈடு பதிவில் உள்ளவர் தலையில்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதனால் நான் கூடவே போய் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பம் ஏறும்வரை நின்றேன். வண்டியைக் கொடுத்த தேதி, மணி, கிலோமீட்டர் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். மறுநாளே ஏதாவது சிக்னல் கேமராவில் அபராதம் விழுந்தால் அந்த மணிதான் பேசும்.

ஆகஸ்டில் ஒரு விடிகாலை வந்தார். லாரியில் ஏற்றிப் போகலாம் என்றேன், கேட்கவில்லை. ஓட்டியே போகிறேன் என்றார். பாதி சோக் இழுத்து, ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. தெருமுனையில் யூ டர்ன் போட்டுத் திரும்ப வந்தார், எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வட்டம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தாராம்.

மடித்த கேன்வாஸ் மூடியும் கம்பிகளும் அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மட்டும் நான் 38,000 செலவழித்திருந்தேன். இப்போது பரணில் கிடக்கிறது. போன வாரம் சித்தப்பா வந்திருந்தார், மேலே பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். கோழிக்கு ஆகுமா என்றார்.